இறைச்சிப் பாக்கெட்டின் மேல் இருக்கும் முத்திரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறைச்சி லேபிள்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழே படிப்பது நல்லது. பிந்தைய பதில்கள் முந்தையவற்றைத் தெரிந்துகொண்டதாக வைத்துத்தான் போகும். உதாரணங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து வருகின்றன. இந்த முத்திரைகளைப் பற்றி அதிகம் சட்டம் போட்டதும் சண்டை போட்டதும் அங்கேதான்.

பாக்கெட் மேல இருக்கிற எல்லாமே சர்டிஃபிகேட் முத்திரைதானா?

இல்லை. ஒரு கோழிப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் பச்சைப் புல்வெளி, இளஞ்சூரியன், ஓரமாக ஒரு ஓட்டு வீடு. இது வெறும் படம். இந்தக் கோழி அந்தப் புல்லை மிதித்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. பக்கத்தில் 'பண்ணையின் புத்துணர்ச்சி' என்பது போல ஒரு வரி இருக்கும். அது விளம்பரம். அதற்கும் கீழே ஒரு சின்னம் இருந்தால், அது சான்று முத்திரையாக இருக்கலாம். சான்று என்றால் எழுதி வைத்த விதிகள் இருக்க வேண்டும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் வந்து சோதிக்க வேண்டும், விதியை மீறினால் சின்னம் பறிபோக வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அதைச் சான்று என்று சொல்ல மாட்டேன்.

பாக்கெட்டைத் திருப்பினால் இன்னொன்று இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சின்ன நீள்வட்டத்துக்குள் நாட்டின் குறியீடும் ஆலையின் எண்ணும் இருக்கும். அமெரிக்காவில் வேளாண்மைத் துறையின் வட்ட முத்திரை. இவை கட்டாய சுகாதார முத்திரைகள், விருப்பப்பட்டு வாங்குவதல்ல. எந்த ஆலையிலிருந்து வந்தது என்று அந்த எண்ணை வைத்துத் தேடிப் பிடிக்கலாம். பாக்கெட்டிலேயே அதிகம் விஷயம் உள்ள குறி அதுதான், ஆனால் யார் கண்ணிலும் படாது. நல்ல இடம் எல்லாம் புல்வெளிக்குப் போய்விடுகிறது.

கறியைப் பார்த்தாலே நல்லதா இல்லையான்னு தெரியாதா? முத்திரை எதுக்கு?

நிறமும் கொழுப்பும் பார்த்தால் தெரியும். மென்மையும் ருசியும் சமைத்துச் சாப்பிட்டால் தெரியும். விலங்கு எப்படி வளர்ந்தது, என்ன மருந்து போட்டார்கள், எப்படி அறுத்தார்கள் என்பது மட்டும் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகும் தெரியாது. இப்படிக் கடைசிவரை வாங்குபவரால் சரிபார்க்க முடியாத தன்மைகளைப் பற்றி 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் எழுதினார்கள். நம்பித்தான் வாங்க வேண்டும் என்கிற இந்த வகைத் தன்மைகள் இறைச்சியில் நிறைய. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மூன்றாம் ஆளின் முத்திரை வருகிறது.

இன்னொன்று, பார்த்துத் தெரிவது என்று நினைப்பதும் முழுக்கச் சரியில்லை. பாக்கெட்டுக்குள் ஆக்சிஜன் அதிகமுள்ள வாயுக் கலவையை அடைத்தால் மாட்டிறைச்சி பல நாள் பளிச்சென்று சிவப்பாகவே இருக்கும். சிவப்பு என்றால் இன்றைக்கு வெட்டியது என்று அர்த்தம் இல்லை.

'பிரைம்'னு போட்டிருந்தா ரொம்பப் பாதுகாப்பான கறின்னு அர்த்தமா?

இல்லை. பிரைம், சாய்ஸ், செலக்ட் என்பவை அமெரிக்க வேளாண்மைத் துறை மாட்டிறைச்சிக்குப் போடும் தரப் பிரிவுகள். தசைக்குள் கொழுப்பு எவ்வளவு இழையோடுகிறது, விலங்கின் முதிர்ச்சி எவ்வளவு என்பதை வைத்து, சாப்பிட எப்படி இருக்கும் என்று கணிக்கிறார்கள். ஆலைகள் விரும்பினால் கட்டணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். பாதுகாப்புக்கான பரிசோதனை வேறு, அது முதல் பதிலில் சொன்ன வட்ட முத்திரை. இரண்டையும் ஒரே துறை போடுவதால் மக்கள் குழம்புவதில் ஆச்சரியம் இல்லை.

முத்திரை இருந்தா ஜனங்க நிஜமாவே அதைப் பார்த்து வாங்கறாங்களா?

சிலர் வாங்குகிறார்கள். பெரும்பாலானவர்கள் விலை, தோற்றம், கடைசித் தேதி என்ற வரிசையில் பார்த்துவிட்டு, நேரம் மிச்சம் இருந்தால் முத்திரைக்கு வருகிறார்கள். இறைச்சி வழக்கமாக வாங்கும் பொருள். கை போன வாரம் எடுத்ததையே இந்த வாரமும் எடுக்கும். அதனால் அக்கறையே இல்லாத ஒருவரை முத்திரை மாற்றிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஏற்கெனவே கவலை உள்ளவர், அதை எதன் மேல் காட்டுவது என்று தெரியாமல் நிற்கும்போது அவருக்குத்தான் அது உதவும்.

ஒரு பயம் கிளம்பும்போது நிலைமை மாறும். பைத்திய மாடு நோய்க்கும் மனிதர்களுக்கு வரும் மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1996-இல் பிரிட்டன் அரசு அறிவித்தபோது மாட்டிறைச்சி விற்பனை சரிந்தது. அதன் பின்விளைவாகத்தான் மாடு எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே அறுக்கப்பட்டது என்பதை லேபிளில் எழுதுவதை ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது. அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றியதே இல்லை.

கேட்டா எல்லாரும் 'கூடக் காசு கொடுத்தாவது நல்லா வளர்த்த கறியைத்தான் வாங்குவேன்'னு சொல்றாங்க. கடையில ஏன் அப்படி நடக்கறதில்லை?

பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கேள்வித்தாளுக்குப் பதில் எழுதும்போது ஊர் உலகத்தைப் பற்றி யோசிக்கிறோம். கடையில் நிற்கும்போது இன்றைய சமையலைப் பற்றி யோசிக்கிறோம், பையில் இருக்கும் பணத்தைப் பற்றியும். கேள்வித்தாளில் 'கூடக் கொடுப்பேன்' என்று எழுதினால் யாரும் கையை நீட்டிக் காசு கேட்பதில்லை. ஆய்வாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நிஜப் பணத்தைக் கொடுத்து ஏலம் எடுக்கச் சொல்லி அளந்து பார்க்கிறார்கள். அப்போது தொகை பெரும்பாலும் இறங்கிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமல் இருப்பது பலருக்கு வசதி. விலங்குகள் மேல் பிரியம், தட்டில் இறைச்சி, இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்வதை உளவியலாளர்கள் 'இறைச்சி முரண்' என்கிறார்கள். முத்திரையைப் படித்தால் முத்திரை இல்லாத பாக்கெட்டின் பின்னால் என்ன நடந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டி வரும். படிக்காமல் போனால் அந்தத் தொல்லை இல்லை.

முத்திரை போட்ட கறி ருசியா இருக்குன்னு எங்க வீட்டுல எல்லாரும் சொல்றாங்க. இது மனப்பிரமைதானே?

பாதி அப்படித்தான், ஆனால் அந்தப் பாதியும் நிஜமாக உணரப்படுவதுதான். 2016-இல் எரிக் ஆண்டர்சன், லிசா ஃபெல்ட்மன் பாரெட் இருவரும் வெளியிட்ட ஆய்வில் ஒரே இறைச்சியைத்தான் எல்லோருக்கும் கொடுத்தார்கள். விலங்கு எப்படி வளர்ந்தது என்ற விவரத்தை மட்டும் மாற்றினார்கள். தொழிற்சாலைப் பண்ணையில் அடைத்து வளர்த்தது என்று படித்தவர்களுக்கு அதே கறி உப்புக் கூடியதாகவும் எண்ணெய்ப் பிசுக்காகவும் பட்டது, குறைவாகவே சாப்பிட்டார்கள்.

இதைவிடப் பழையது 1988-இல் இர்வின் லெவின், கேரி கெய்த் இருவரும் செய்த கொத்துக்கறி ஆய்வு. ஒரே மாட்டுக் கொத்துக்கறியை '75% கொழுப்பற்றது' என்றும் '25% கொழுப்பு' என்றும் இரண்டு விதமாக எழுதிக் காட்டினார்கள். கணக்கு ஒன்றுதான், இருந்தாலும் முதலாவதைத்தான் மக்கள் உயர்வாக மதிப்பிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது: நிஜமாகவே சாப்பிட்டுப் பார்த்த பிறகு அந்த வித்தியாசம் சுருங்கியது. லேபிள் நாக்கை ஏமாற்றும், ஆனால் முழுசாக அல்ல.

மற்றப் பாதிக்குக் காரணம் கறியிலேயே இருக்கிறது. நிதானமாக வளர்ந்து வயது கூடிய கோழிக்குத் தசை இறுக்கமும் ருசியும் வேறு மாதிரி இருக்கும். உங்கள் வீட்டில் சாப்பிட்டது எது என்பது எந்த முத்திரை என்பதைப் பொறுத்தது.

ஆர்கானிக்னா உடம்புக்கு நல்லது, மருந்தே போடாததுன்னு நம்பலாம்தானே?

ஒரு நல்ல குணம் தெரிந்ததும் மற்ற நல்ல குணங்களையும் நாமே சேர்த்துக்கொள்வது மனித வழக்கம். ஆர்கானிக் என்று எழுதிய பிஸ்கட்டில் கலோரி குறைவு என்று மக்கள் நினைத்ததை 2010-இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. கலோரிக்கும் ஆர்கானிக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இறைச்சியிலும் இதேதான் நடக்கிறது. ஆர்கானிக் முத்திரை தீவனம், இடம், மருந்து, வெளியே விடுவது போன்றவற்றுக்கான விதி. கொழுப்பைப் பற்றியோ கிருமியைப் பற்றியோ அது வாக்குக் கொடுக்கவில்லை. சரியாக வேகவைக்காத ஆர்கானிக் கோழியும் வயிற்றைக் கெடுக்கும்.

மருந்து விஷயத்தில் இரண்டு பெரிய ஆர்கானிக் விதிகளே ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் ஆன்டிபயாடிக் கொடுத்த விலங்கை ஆர்கானிக் என்று விற்க முடியாது; அதே சமயம் முத்திரை போய்விடுமே என்று நோயுற்ற விலங்குக்கு மருந்து கொடுக்காமல் இருக்கவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நோய்க்காக அளவோடு கொடுக்கலாம், ஆனால் மருந்து கொடுத்த பிறகு அறுப்பதற்கு முன் சாதாரணமாகக் காத்திருக்க வேண்டிய காலத்தைப்போல இரண்டு மடங்கு காத்திருக்க வேண்டும். எது மேல் என்று கேட்டால், நோயுற்ற மாட்டின் பக்கம் நின்று பார்க்கும்போது எனக்கு இரண்டாவது நியாயமாகப் படுகிறது. முத்திரையின் பெயர் ஒன்றாக இருப்பதால் விதி ஒன்று என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'ஹார்மோன் போடாத கோழி'ன்னு இருந்துச்சு, கூடக் காசு கொடுத்து வாங்கினேன். சரிதானே?

அமெரிக்காவில் கோழிக்கும் பன்றிக்கும் வளர்ச்சி ஹார்மோன் கொடுக்க அனுமதியே கிடையாது. அதனால்தான் அவற்றின் மேல் 'ஹார்மோன் இல்லை' என்று எழுதினால், 'ஹார்மோன் பயன்படுத்துவதை மத்திய விதிகள் தடை செய்கின்றன' என்ற வரியையும் சேர்த்து எழுத வேண்டும் என்று விதி. அந்த வரி எந்த அளவு எழுத்தில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மாட்டுக்கு அங்கே அனுமதி உண்டு, ஆகவே மாட்டிறைச்சியில் அந்த வாசகத்துக்கு அர்த்தம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ வளர்ச்சிக்காக ஹார்மோன் கொடுப்பது எல்லாப் பண்ணை விலங்குகளுக்கும் தடை.

இந்த வாசகம் சொல்வது உண்மைதான், சிக்கல் அது பக்கத்துப் பாக்கெட்டுக்குச் செய்வதில். ஒன்றில் 'இல்லை' என்று எழுதியதும், எழுதாததில் இருக்கிறது போல என்று தோன்றிவிடுகிறது.

'நேச்சுரல்'?

அமெரிக்க விதிப்படி செயற்கைப் பொருள் சேர்க்கவில்லை, பெரிதாகப் பதப்படுத்தவில்லை என்று அர்த்தம். விலங்கு எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. காசு கூடக் கொடுக்காதீர்கள்.

'ஃப்ரீ ரேஞ்ச்'னா கோழி நாள் முழுக்க வெளியில மேயும்தானே?

எந்த ஊர்ச் சட்டம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் கோழிக்கு வெளியே போக வழி இருந்தது என்று காட்டினால் அந்த வார்த்தையைப் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கணக்கு இருக்கிறது: கறிக்கோழிக்கு வாழ்நாளில் குறைந்தது பாதிக் காலம் பகலில் திறந்தவெளி, ஒரு கோழிக்கு 1 சதுர மீட்டர், அறுக்கும் வயது குறைந்தது 56 நாள். சாதாரணக் கறிக்கோழி 5, 6 வாரத்திலேயே அறுக்கப்படுகிறது. பிரான்சின் லேபிள் ரூஜ் முத்திரை கோழிக்குக் குறைந்தது 81 நாள் கேட்கிறது. ருசி பற்றி மேலே சொன்ன 'மற்றப் பாதி' இதுதான்.

வழி இருப்பதும் கோழி வெளியே போவதும் ஒன்றல்ல. வேகமாக எடை கூடும் இனக் கோழி கதவு திறந்திருந்தாலும் தீவனத் தட்டை விட்டு அதிகம் நகராது. எண்களைப் பார்ப்பவர்கள் இனத்தையும் கேட்க வேண்டும்.

ஹலால், கோஷர் முத்திரையைப் பார்த்து அந்த மதத்தைச் சேராதவங்களும் வாங்கறாங்களே, அது ஏன்?

சுத்தமாக இருக்கும், யாரோ ஒருவர் கவனமாகப் பார்த்திருப்பார் என்ற எண்ணம். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. உதாரணமாக, யூத மத விதிப்படியான கோஷர் முறையில் அறுத்த விலங்கின் நுரையீரலைக் குறையிருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஆனால் இந்த முத்திரைகள் மதவிதிக்குப் பதில் சொல்பவை. விலங்கு எந்தப் பண்ணையில் எப்படி வளர்ந்தது என்று சொல்ல அவை உருவானவை அல்ல. ஹலாலிலும் எல்லா அமைப்பும் ஒன்றில்லை: அறுக்கும் முன் விலங்கை மயக்கமடையச் செய்வதைச் சில சான்று அமைப்புகள் ஏற்கும், சில ஏற்காது. நம்பிக்கையுள்ளவர்கள் அதனால்தான் எந்த அமைப்பின் முத்திரை என்று பார்க்கிறார்கள்.

இரண்டு முத்திரைகள் மோதிக்கொண்டதும் உண்டு. மயக்கமடையச் செய்யாமல் அறுத்த விலங்கின் இறைச்சிக்கு ஐரோப்பிய ஆர்கானிக் சின்னம் போட முடியாது என்று 2019 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆர்கானிக் என்றால் விலங்கு நலத்தின் மிக உயர்ந்த அளவு என்று வாங்குபவர் நம்புகிறார், அந்த நம்பிக்கையைக் காக்க வேண்டும் என்பது வாதத்தின் அடிப்படை. வாங்குபவர் மனதில் என்ன நினைக்கிறார் என்பதே சட்டக் காரணமாகிவிட்டது.

முத்திரை போட்டா ஏன் இவ்வளவு விலை? எல்லாம் சர்டிஃபிகேட் செலவா?

சான்றுக் கட்டணம் அதில் சின்னப் பங்குதான். அதிக நாள் வளர்த்தால் அதிக தீவனம், அதிக இடம். ஆலையில் தனியாக அறுத்துத் தனியாக வைக்க வேண்டும், கலந்துவிட்டால் முத்திரை போய்விடும்.

பலருக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது. பன்றி முழுசாக வளர்கிறது, விற்பனை துண்டு துண்டாக நடக்கிறது. முத்திரை போட்ட இடுப்புத் துண்டுக்கு ஆள் இருப்பார்; அதே பன்றியின் கொழுப்பு, தலை, சாஸேஜுக்குப் போகும் சில்லறைக் கறிக்கு முத்திரையைப் பார்த்து யாரும் கூடக் கொடுப்பதில்லை. அவை சாதாரண விலைக்கே போகும். ஆக முழு விலங்கை நன்றாக வளர்த்த செலவையும் அந்தச் சில துண்டுகள் சுமக்கின்றன. முத்திரை போட்ட சாஸேஜையும் கொத்துக்கறியையும் ஆட்கள் வாங்க ஆரம்பித்தால் இடுப்புத் துண்டின் விலை இறங்க இடம் உண்டு.

நான் ஒருத்தன் பார்த்து வாங்கறதால என்ன ஆகப்போகுது?

நேராக அதிகம் இல்லை. முத்திரையின் பெரிய வேலை நீங்கள் கடைக்குள் நுழைவதற்கு முன்பே நடந்து முடிகிறது. நெதர்லாந்தில் விலங்குப் பாதுகாப்புச் சங்கம் 2007-இல் 'பேட்டர் லேவன்' என்ற முத்திரையைக் கொண்டுவந்தது, 1 முதல் 3 நட்சத்திரம் வரை. அதற்கு முன் வாங்குபவருக்குச் சாதாரணக் கறி, ரொம்ப விலையான ஆர்கானிக் என்று இரண்டே வழிதான். ஒரு நட்சத்திரம் என்பது பண்ணையாளரால் எட்டக்கூடிய, வாங்குபவரால் கொடுக்கக்கூடிய நடுப்படி. பிறகு பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் புதுக் கோழிக்கறியில் ஒரு நட்சத்திரத்துக்குக் கீழே வைப்பதையே நிறுத்திக்கொண்டன. இப்போது லேபிளைப் பார்க்காதவரும் அதைத்தான் வாங்குகிறார்.

கடைக்காரருக்கு இது ஏன் தோன்றியது? வேகமாக வளர்க்கும் கோழிக்குப் போராட்டக்காரர்கள் 'வெடிக்கும் கோழி' என்று பெயர் வைத்துப் பிரசாரம் செய்தார்கள் என்பது ஒரு காரணம். தாண்ட வேண்டிய கோடு எது என்பதற்கு ஒரு தயார் அளவுகோல் கையில் இருந்தது இன்னொரு காரணம். அந்த அளவுகோலை உயிரோடு வைத்திருந்தது, அதற்கு முன் சில வருடம் பார்த்துப் பார்த்து வாங்கிய கொஞ்சம் பேர்தான்.

நல்லதுக்கு மட்டும் முத்திரை போடறதுக்குப் பதிலா, எல்லாத்துக்கும் நம்பர் போட்டா என்ன?

முட்டையில் அப்படித்தான் செய்தார்கள். 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு முட்டை ஓட்டிலும் 0 முதல் 3 வரை ஒரு எண்: 0 ஆர்கானிக், 1 வெளியே விட்டது, 2 கொட்டகைக்குள், 3 கூண்டு. விருப்ப முத்திரையில் நல்ல பாக்கெட் மட்டும்தான் பேசும், மற்றது வாயைத் திறக்காது. கட்டாய எண்ணில் '3' தானாகவே தன்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறது. அந்த '3' போட்ட முட்டைகள் பல கடைகளின் அலமாரியிலிருந்து காணாமல் போயின. ஆனால் பிஸ்கட்டுக்குள்ளும் நூடுல்ஸுக்குள்ளும் போகிற முட்டைக்கு ஓடு தெரியாது என்பதால், கூண்டு முட்டைக்கு அங்கே இடம் இருந்தது.

இறைச்சிக்கு இதே முறையைக் கொண்டுவருவது கடினமாக இருந்திருக்கிறது. ஜெர்மனியில் சூப்பர்மார்க்கெட்டுகள் 2019-இல் தாமாகவே படிநிலை எண்களைப் போட ஆரம்பித்தன. 2023-இல் பன்றி இறைச்சியில் தொடங்கும் கட்டாயச் சட்டம் வந்தது. கீழ்ப்படி என்பது சட்டம் எப்படியும் கேட்கும் குறைந்தபட்சம்தான். அதற்கும் ஒரு எண் கிடைப்பதால் ஏதோ சான்று பெற்றது போலத் தோற்றம் வருகிறது என்பது நியாயமான குறை. இருந்தாலும் மௌனத்தைவிட எண் மேல் என்பது என் கட்சி.

முத்திரையிலயே ஏமாத்தினா என்ன பண்றது?

ஏமாற்றும் இடம் உண்டு. 2013-இல் மாட்டிறைச்சி என்று விற்ற பர்கரிலும் லசானியாவிலும் குதிரை இறைச்சி இருந்தது ஐரோப்பா முழுக்க வெளிச்சத்துக்கு வந்தது; அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மரபணுச் சோதனை செய்ததால்தான் அது தெரிந்தது. அமெரிக்காவில் 'ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது' என்று விற்கப் போகும் மாடுகளின் மாதிரிகளை வேளாண்மைத் துறை சோதித்தபோது, சுமார் 20 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்ததாக 2024-இல் அறிவித்தது. அந்த வாசகம் பெரும்பாலும் பண்ணையாளர் கொடுத்த காகிதங்களை நம்பிப் போடப்பட்டது.

முதல் பதிலில் சொன்ன மூன்று நிபந்தனைகளையும் இங்கே வைத்துப் பாருங்கள். இரண்டு சம்பவத்திலும் விட்டுப்போனது நடுவில் உள்ளது: சம்பந்தமில்லாத ஒருவர் வந்து சோதிப்பது.

முத்திரை இல்லாத கறி மட்டமா?

அவசியம் இல்லை. சின்னப் பண்ணையில் நன்றாக வளர்த்தும், கட்டணத்துக்கும் காகித வேலைக்கும் ஆள் இல்லாமல் முத்திரை வாங்காதவர்கள் உண்டு. வளர்ப்பவரை நேரில் தெரிந்து, போய்ப் பார்க்கவும் முடிந்தால் உங்களுக்கு முத்திரை தேவையில்லை. தெரியாதவரிடம் வாங்கும்போதுதான் அது வேண்டும்.

சரி, ரெண்டு பாக்கெட் கையில இருக்கு. எதைப் பார்த்து எடுக்கட்டும்?

முதலில் உங்கள் கவலை என்ன என்று முடிவு செய்யுங்கள். விலங்கின் வாழ்க்கையா, மருந்தா, ருசியா, மதமா, ஊரா? ஒரு முத்திரை இதில் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் பதில் சொல்லும். பிறகு பாக்கெட்டில் இருப்பது வார்த்தையா, யாராவது சோதிக்கும் சின்னமா என்று பாருங்கள். சின்னம் என்றால் அதன் பெயரைத் தேடி, அறுக்கும் வயது, ஒரு விலங்குக்கு எவ்வளவு இடம், மருந்து விதி, சோதனைக்கு வருவது யார் என்ற நாலையும் படித்துவிடுங்கள். ஒரு தடவை படித்தால் போதும், அடுத்த முறை கடையில் நின்று யோசிக்க வேண்டாம்.

ஊர்தான் உங்கள் கவலை என்றால் 'எங்கே பேக் செய்தது' என்பதை ஒதுக்கிவிட்டு 'எங்கே பிறந்தது, வளர்ந்தது' என்று தேடுங்கள். அமெரிக்காவில் வேறு நாட்டில் வளர்த்த கறியை அங்கே கொண்டுவந்து பதப்படுத்திவிட்டு 'அமெரிக்கத் தயாரிப்பு' என்று எழுத நீண்ட காலம் முடிந்தது. பிறப்பு, வளர்ப்பு, அறுப்பு, பதப்படுத்தல் நான்கும் அங்கேயே நடந்திருந்தால்தான் அப்படி எழுதலாம் என்ற விதி 2026 ஜனவரி 1 முதல்தான்.